மூன்று ஜோடிக் காக்கிக் காலுறைகள்

அன்புள்ள ஐயா,

கால்பந்து குறித்து நீங்கள் எப்போதாவது எழுதுவதைத் தவறாமல் வாசிக்கிறேன். நெடுநாள் சந்தேகம் ஒன்று. ஆட்டத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் பிரிட்டிஷார். உலகின் பணக்கார லீக்கும் அவர்களுடையது. ஆனால் 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து ஓர் ஆங்கிலேய மேனேஜர்கூட அதை வென்றதில்லை. தேசிய அணிக்கே ஜெர்மானியரான துகலை அழைத்து வந்திருக்கிறார்கள். “அவர்களுக்கு உடல்பலம் உண்டு, மூளை கிடையாது” என்கிறான் என் அறைத்தோழன். பிரிட்டிஷ் மேனேஜர்கள் உச்சத்தில் சறுக்குவது ஏன்?

கௌதம், கோவை

அன்புள்ள கௌதம்,

உங்கள் அறைத்தோழரிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். 1977 முதல் 1984 வரை, ஐரோப்பாவின் சிறந்த கிளப்புக்கான எட்டு ஐரோப்பியக் கோப்பைகள். அவற்றில் ஏழு ஆங்கிலேய மேனேஜர்களுக்குப் போயின. பாப் பெய்ஸ்லிக்கு மூன்று, பிரையன் கிளஃபுக்கு இரண்டு, டோனி பார்ட்டனுக்கும் ஜோ ஃபேகனுக்கும் ஆளுக்கு ஒன்று. 1983இல் மட்டும் ஜெர்மனியின் ஹாம்பர்க் அணி குறுக்கே வந்துவிட்டது. மூளை இல்லாதவர்களுக்கு இது கைகூடாது. நாற்பது ஆண்டுகளில் ஒரு நாட்டின் மூளை வற்றிப்போவதும் கிடையாது.

இன்னொன்று, “பிரிட்டிஷ்” என்று எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள். புகழ்பெற்ற மேனேஜர்களான மேட் பஸ்பி, பில் ஷாங்க்லி, ஜாக் ஸ்டீன் மூவரும் ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் பிறந்தவர்கள். பிரீமியர் லீகைப் பதின்மூன்று முறை வென்ற அலெக்ஸ் ஃபெர்குசன் கிளாஸ்கோவின் கப்பல்கட்டும் பேட்டையிலிருந்து வந்தவர். 1995இல் பிளாக்பர்னுக்கு அதை வென்று கொடுத்த டால்கிளிஷும் ஸ்காட்லாந்துக்காரர். அங்கே லார்க்ஸ் என்ற கடலோர ஊரில் கால்பந்துச் சங்கம் நடத்திய பயிற்சியாளர் வகுப்புக்குப் பெயர் உண்டு. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மேனேஜரான மொரீனியோ போர்ச்சுகலிலிருந்து அங்கே வந்து படித்தார். ஆகவே உங்கள் கேள்வி பெருமளவும் இங்கிலாந்தைப் பற்றியது. அப்படியே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஜிம்மி ஹோகன் என்றொருவர் இருந்தார். லங்காஷயர்காரர், 1882இல் பிறந்தவர். பந்தை எப்படிக் கட்டுப்படுத்துவது, எங்கே நின்று வாங்குவது என்பதையெல்லாம் பாடமாகச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நம்பியவர். உள்ளூரில் அதற்குக் கிராக்கி இல்லாததால் ஆஸ்திரியாவுக்குப் போனார். முதல் உலகப் போர் மூண்டபோது எதிரி நாட்டவர் என்று பிடித்துவைக்கப்பட்டார். பிறகு ஹங்கேரியின் புடாபெஸ்டுக்குப் போய் எம்டிகே அணிக்குப் பயிற்சியளித்தார். போர் முடிந்து கையில் காசில்லாமல் ஊர் திரும்பியவர், போரால் பாதிக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்குக் கால்பந்துச் சங்கம் உதவித்தொகை கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு லண்டன் போய் நின்றார். அங்கே அவருக்கு மூன்று ஜோடிக் காக்கிக் காலுறைகளைக் கொடுத்து, போர்முனையில் இருந்த நம் பையன்களுக்கு இவையே பெரிதாக இருந்தன என்று சொல்லி அனுப்பியதாக ஒரு கதை வழங்குகிறது. நீ எதிரியின் ஊரில் சொகுசாக இருந்தவன்தானே என்று பொருள்.

1953 நவம்பரில் ஹங்கேரி வெம்ப்ளிக்கு வந்து இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது. வெம்ப்ளியில் ஐரோப்பியக் கண்டத்து அணி ஒன்றிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் முறை. ஆட்டம் முடிந்ததும் ஹங்கேரிக்காரர்கள் நன்றி சொன்னது ஹோகனுக்கு.

ஹோகனோடு கதை முடிந்திருந்தால் ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஜார்ஜ் ரேய்னர் யார்க்ஷயர்காரர். 1948 ஒலிம்பிக்கில் ஸ்வீடனுக்குத் தங்கம் வென்று கொடுத்தார். 1958 உலகக் கோப்பையில் அதே ஸ்வீடனை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். பதினேழு வயது பெலேயிடம் தோற்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. உலகக் கோப்பை இறுதியை எட்டிய ஆங்கிலேயப் பயிற்சியாளர்கள் இருவர்தான். மற்றவர் 1966இல் வென்ற ஆல்ஃப் ராம்ஸி. இவ்வளவும் செய்துவிட்டு ஊர் திரும்பிய ரேய்னருக்குக் கிடைத்த வேலை, ஸ்கெக்னெஸ் டவுன் என்ற சிற்றூர் அணி. பக்கத்தில் ஒரு விடுமுறை முகாமின் பண்டகசாலையிலும் வேலை பார்த்தார்.

என் பதிலின் கரு இதுதான், கௌதம். ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இந்தப் பதவிக்கு வழங்கும் சொல்லுக்குப் பயிற்றுவிப்பவர் என்று பொருள். தமிழிலும் பயிற்சியாளர் என்கிறோம். இங்கிலாந்தில் மட்டும் மேனேஜர். அவர் ஆலை முதலாளிக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நிற்பவர்: ஆள் எடுப்பார், பேரம் பேசுவார், இடைவேளையில் தேநீர்க் கோப்பையை வீசுவார். சொல்லிக்கொடுப்பது அவருக்குக் கீழே இருப்பவன் வேலை. ஆடத் தெரிந்தவனுக்கு ஆட்டுவிக்கவும் தெரியும் என்ற எண்ணம் அங்கே ஆழமாக வேரோடியிருந்தது. அதை ஒரு படிப்பாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கப்பலேறினார்கள்.

அப்படியானால் பெய்ஸ்லியும் ஃபேகனும் எங்கே படித்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்களுடைய லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் பூட்ஸ் வைக்கும் சிறிய அறை ஒன்று இருந்தது. ஆணிகளில் பூட்ஸ்கள் தொங்கும். கவிழ்த்துப் போட்ட பீர் பெட்டிகள்தான் நாற்காலி. ஷாங்க்லியின் உதவியாளர்கள் அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பயிற்சியையும் ஒவ்வொரு காயத்தையும் நோட்டில் எழுதி வைத்தார்கள். ஷாங்க்லிக்குப் பின் பெய்ஸ்லி, அவருக்குப் பின் ஃபேகன். பாடத்திட்டம் இல்லாத குருகுலம் அது. 1993இல் அந்த அறையை இடித்துப் பத்திரிகையாளர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கே அது உறுத்துகிறது.

1985இல் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த பிறகு ஆங்கிலக் கிளப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளில் தடை விதிக்கப்பட்டது. இத்தாலியின் மிலான் அணியில் பயிற்சியாளர் அரிகோ சாக்கி ஆட்டத்தைப் புரட்டிப்போட்ட காலம் அது. அப்போது ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சித் துறைத் தலைவராக இருந்த சார்லஸ் ஹியூஸ், கோல்களில் பெரும்பாலானவை சில பாஸ்களுக்குள் விழுபவை, ஆகவே பந்தை விரைவாக முன்னே அனுப்புங்கள் என்று பாடம் எழுதினார். கால்பந்தில் ஏறக்குறைய எல்லா நகர்வுகளுமே சில பாஸ்களில் முடிந்துவிடுபவைதான். ஊரில் நூற்றுக்கு எண்பது பேர் செருப்பு அணிந்தால் லாட்டரியில் வென்றவர்களிலும் எண்பது பேர் செருப்போடுதான் இருப்பார்கள். பரிசு செருப்பால் விழுந்ததாகச் சொல்லலாமா?

2010 வாக்கில் இங்கிலாந்தில் ஐரோப்பியத் தரச் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. ஸ்பெயினில் ஏறத்தாழ 24,000, ஜெர்மனியில் 35,000. இங்கிலாந்தின் தேசியப் பயிற்சி மையம் திறந்தது 2012இல்தான். இத்தாலியின் கோவர்சியானோ 1958இலேயே வந்துவிட்டது.

இதற்குள் பணம் வந்து ஏணியின் நடுப்படிகளை உருவிவிட்டது. பெரிய கிளப்பின் முதலாளிக்கு ஏற்கெனவே கோப்பை வென்ற ஆள் வேண்டும். கோப்பை வெல்லப் பெரிய கிளப் வேண்டும். தன் பெயர் அலார்டைஸாக இல்லாமல் இத்தாலியப் பெயர்போல அலார்டீச்சி என்று இருந்திருந்தால் பெரிய கிளப் கிடைத்திருக்கும் என்று ஆங்கிலேய மேனேஜர் சாம் அலார்டைஸ் ஒருமுறை புலம்பினார். அவர் ஆட்டம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் பாதி நியாயம் அவர் பக்கம் உண்டு. மீதிப் பாதிக்கு, இங்கிலாந்தின் முன்னாள் ஆட்டக்காரர் ஃபிராங்க் லாம்பார்டைப் பாருங்கள். டெர்பியில் ஒரே ஆண்டு மேனேஜராக இருந்தவரை 2019இல் செல்சி தூக்கி உட்காரவைத்தது. ஸ்பெயினின் முன்னாள் ஆட்டக்காரர் சாபி அலோன்சோ அங்கே ரியல் சோசிதாத் கிளப்பின் இரண்டாம் அணியோடு மூன்று ஆண்டுகள் கிடந்துவிட்டுத்தான் லெவர்குசனுக்குப் போனார். 2024இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மன் லீகை வென்றார். ஆங்கிலேயருக்குக் கதவு சாத்தியிருந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. சிலருக்கு அது அளவுக்கு மீறிச் சீக்கிரமாகத் திறந்தது.

வெளியே போனவர்கள் தேறினார்கள். பாபி ராப்சன் ஹாலந்திலும் போர்ச்சுகலிலும் லீக் வென்றார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து தொழில் கற்றவர்தான் அந்த மொரீனியோ. பாப் ஹௌட்டனை நமக்கே தெரியும், 2011 ஆசியக் கோப்பைக்கு இந்தியாவைக் கொண்டுபோனவர். 1979இல், 31 வயதில், ஸ்வீடனின் மால்மோ அணியை ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றவர் அவர். எதிரே கிளஃபின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். இரண்டு பெஞ்சிலும் ஆங்கிலேயர்கள்! அறைத்தோழருக்கு இதையும் சொல்லுங்கள்.

இன்னோர் ஆங்கிலேயர் கிரஹாம் பாட்டர். ஸ்வீடனின் நான்காம் பிரிவில் கிடந்த எஸ்டர்சுண்ட் அணியை முதல் பிரிவுக்கு ஏற்றி, 2018இல் ஆர்சனலை அதன் மைதானத்திலேயே தோற்கடித்தார். தாயகம் திரும்பிப் பிரைட்டனில் நன்றாக ஆடவைத்தார். செல்சி ஏழு மாதத்தில் அனுப்பியது, வெஸ்ட் ஹாம் ஓராண்டுகூட வைத்துக்கொள்ளவில்லை. 2025 அக்டோபரில் அவர் மறுபடி கப்பலேறினார். ஸ்வீடன் தேசிய அணிக்கு, ரேய்னர் உட்கார்ந்திருந்த அதே இடத்துக்கு.