பழைய ரேஸ் கார் மாடல் கிட்களில் 1/12, 1/20, 1/24 என்று போட்டிருப்பது என்ன?

அசல் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். வீட்டு பிளானில் ஓர் அங்குலம் இத்தனை அடி என்று போடுவார்களே, அதே கணக்கு.

1967-இல் ஃபார்முலா 1 பந்தய வீரர் ஜிம் கிளார்க் டச்சு கிராண்ட் பிரீயில் ஓட்டி ஜெயித்த லோட்டஸ் 49-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் சுமார் 4 மீட்டர். 1/12 அளவில் 33 செ.மீ., 1/20-இல் 20, 1/24-இல் 17-க்குக் கொஞ்சம் குறைவு.

சரி, அளவுக்கு ஏற்ப மாடலின் நுணுக்கமும் ஏன் மாறுகிறது? நீளத்தோடு தடிமனும் சுருங்குகிறது. 8 மி.மீ. ஸ்பார்க் பிளக் வயர் 1/12-இல் 0.67 மி.மீ.; அந்தத் தடிமனில் நிஜமாகவே ஒரு வயரை வாங்கிச் செருகலாம். 1/24-இல் அது 0.33 மி.மீ. அவ்வளவு மெல்லிய அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் ஒழுங்காக ஓடாது. ஓடினாலும், பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும்போது ஒடிந்துவிடும். அதனால் சின்ன கிட்களில் இத்தகைய பாகங்களைத் தடிமனாக வார்ப்பார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். லோட்டஸ் 49-இல் எஞ்சின் மூடியில்லாமல் வெளியே தெரியும் என்பதால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இந்தக் காருக்கு என் ஓட்டு 1/12-க்குத்தான், பணமும் பொறுமையும் இருந்தால்.

24 பெரிய எண் என்பதால் 1/24 பெரிய மாடல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்: அது 1/12-இல் பாதி நீளம், மேசையில் கால் பங்கு இடம்தான் பிடிக்கும்.