ஆன்லைனில் மலிவாக விமான டிக்கெட் எடுப்பது எப்படி? நள்ளிரவில், இன்காக்னிட்டோவில் (தேடியதை பிரவுசர் நினைவில் வைக்காத ஜன்னலில்) தேடினால் விலை குறையுமா?

எனக்குக் குறையவில்லை. ராத்திரி 12 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, இன்காக்னிட்டோவில் போட்டு, தம்பியின் போனிலும் போட்டுப் பார்த்தவன் நான். எல்லாவற்றிலும் அதே விலைதான். "எனக்குக் குறைந்ததே" என்று கமென்ட்டில் யாராவது வருவார்கள், வரட்டும்.

விமானத்தில் எல்லா சீட்டும் ஒரே விலை இல்லை. கொஞ்சம் சீட்டு ஒரு விலை, அது தீர்ந்தால் அடுத்தது கூடுதல் விலை என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் கீழ் அடுக்கு தீர்ந்திருக்கும், அதைத்தான் நாம் தேடுவதை வேவு பார்த்து விலையை ஏற்றுகிறான் என்கிறோம். நீங்கள் குடும்பமாகப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன் (தனி ஆள் இவ்வளவு யோசிக்க மாட்டார்). நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவு அடுக்கில் மூன்று சீட்டுதான் மிச்சம் என்றால், நாலு பேருக்குமே மேல் அடுக்கு விலையைக் காட்டும். ஒருவருக்கு, இருவருக்கு என்று பிரித்தும் போட்டுப் பாருங்கள். கூகுள் ஃப்ளைட்ஸில் தேதிவாரியாக விலை தெரியும். விமான கம்பெனியின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் தெரிந்த நானே ஏமாந்தேன். தங்கச்சி ஷார்ஜாவில் இருக்கிறாள், பிரசவத்துக்கு அம்மா போக வேண்டும். சென்னை மண்ணடியில் எங்களுக்கு வழக்கமாக டிக்கெட் போடும் பாய், போகவர 21,500 சொன்னார். நான் போனில் 17,900க்குப் பிடித்தேன். அதோடு நிற்காமல் கடைக்கே போய்க் காட்டினேன். "லக்கேஜ் பாத்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏர்போர்ட் கவுன்டரில் அம்மாவின் பெட்டி 19.4 கிலோ. நான் எடுத்தது கையில் கொண்டுபோகும் 7 கிலோ மட்டும் உள்ள டிக்கெட். பெட்டிக்கு அந்தப் பெண் கேட்ட தொகை 9 ஆயிரத்துச் சொச்சம். ஓரமாகத் தரையில் வைத்துப் பெட்டியைத் திறந்தோம். காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை நாலு கவர் போட்டுச் சுற்றியும் வாசனை கிளம்பிவிட்டது. பக்கத்து வரிசைக்காரர் டிராலியை நகர்த்திக்கொண்டார். "புடவையை எடுத்துக்கிட்டுப் போ, கருவாடு வரும்" என்றார் அம்மா. பிரசவ லேகியத்தைக் கைப்பையில் வைக்கலாமென்றால் 100 மில்லிக்கு மேல் செக்யூரிட்டியில் விடமாட்டார்கள். கடைசியில் புடவைகள் என்னிடம் வந்தன, மீதிக்கு 5,400 கட்டினேன். பாய் சொன்னதைவிட 1,800 அதிகம்.

"படித்துப் பார்த்து எடுக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். எழுதித்தான் இருந்தது, மறுக்கவில்லை. விலை பெரிதாக இருந்தது, லக்கேஜ் சின்னதாக இருந்தது, என் கண் எங்கே போகும்? டிக்கெட் எடுக்கும்போதே லக்கேஜையும் சேர்த்து வாங்கினால் கவுன்டர் விலையைவிட நன்றாகவே குறைவு. திரும்பி வருவதற்கு அப்படித்தான் போட்டேன்.

அப்புறம் விமானம் கிளம்பும் நேரத்தையும் பாருங்கள். வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் ஏர்போர்ட்டில் இறங்கலாம், 50 ரூபாய்க்குள் முடியும். ஆனால் ராத்திரி 11 மணியோடு சரி. அம்மாவை ஏற்றிவிட்டு 2 மணிக்குப் புடவை மூட்டையோடு கால் டாக்சி போட்டேன். "எங்க சார் டிராப்?" "தண்டையார்பேட்டை." கேன்சல். மூன்று பேர். ஒருத்தர் மட்டும் "இந்நேரத்துக்கு அந்தப் பக்கம் வேணாம் சார்" என்று காரணமும் சொன்னார். திரும்பிவர சவாரி கிடைக்காது என்றிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். பயமாம்! எங்கள் தெருவில் அதே 2 மணிக்கு மீன்காரம்மாக்கள் கூடையோடு தனியாகக் காசிமேட்டுக்கு ஏலத்துக்குப் போகிறார்கள். சினிமாவில் வடசென்னையைப் பார்த்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை என்ன செய்வது? விடியும்வரை உட்கார்ந்திருந்து முதல் மெட்ரோவில் வந்தேன்.

போன வாரம் பாயைப் பார்த்தேன். "அம்மா நல்லபடியா போய்ச் சேந்தாங்களா தம்பி?" என்றார். சேர்ந்தாங்க பாய் என்றேன். லக்கேஜைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.