அக்கம்பக்கத்தார் சேர்ந்து சமையலறைக் கழிவை உரமாக்கினால் புவி வெப்பம் எப்படிக் குறையும்?

கூட்டு உரமாக்கல் என்றால், அக்கம்பக்கத்து வீடுகள் காய்கறித் தோலையும் மிச்ச உணவையும் பிரித்து ஒரே இடத்தில் மட்கவைப்பது. அவ்வளவுதான்.

காரணம் காற்றில் இருக்கிறது. குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது மீத்தேன் என்ற வாயு வெளியாகிறது. 20 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட அது சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் காற்றில் அதன் சராசரி ஆயுள் சுமார் 12 ஆண்டுகளே. இன்று தடுத்தால் பலன் நம் காலத்திலேயே கிடைக்கும். எனக்கு நம்பிக்கை தருவதும் இதுதான்.

ஈரத்துணியைச் சுருட்டிப் போட்டால் நாறும், விரித்துப் போட்டால் நாறாது. உரக்குழியைக் கிளறுவதும் காய்ந்த இலை சேர்ப்பதும் அப்படிக் காற்றுப் புக விரிப்பதுதான்.

"எப்படியும் மட்கத்தானே போகிறது, எங்கே போட்டால் என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். காற்றோட்டத்தில் மட்கினால் பெரும்பாலும் வெளிவருவது, செடி முன்பு காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட அதே கரியமில வாயு, மீத்தேன் அல்ல.