ஒரு குழந்தை பிறந்திருந்தால் அந்த வில்லன் திருந்தியிருப்பானா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். என் பிரச்சினையைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக ஒரு தொலைக்காட்சித் தொடரை விடாமல் பார்த்துவந்தேன். அதை நான் பார்த்ததே அதில் வந்த வில்லனுக்காகத்தான். அண்ணனை ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்கியவன், கட்டிய மனைவியை நடுத்தெருவில் நிறுத்தியவன், எல்லாம் சரி. ஆனால் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவன் முகத்தில் ஒரு வாட்டம் தெரியும். கெட்டவனாக இருந்து இருந்து அவனுக்கே அலுத்துவிட்டது போல. என்றாவது திருந்துவான் என்று காத்திருந்தேன். அவன் மனைவி கர்ப்பமாக இருப்பதாக ஒரு காட்சி வந்தபோது, இனி மாறிவிடுவான் என்று நிம்மதியாக இருந்தது. சில நாளிலேயே அந்தக் கர்ப்பம் பொய் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி எபிசோடில் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து நின்று குடும்பப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நானே எழுத ஆரம்பித்தேன். என் கதையில் கர்ப்பம் நிஜம். பெண் குழந்தை பிறக்கிறது. அவன் முதல்முறை கையில் வாங்கும்போது அது அவன் விரலை இறுகப் பிடிக்கிறது. அந்த நிமிஷமே அவன் வேறு ஆளாகிவிடுகிறான். அண்ணனிடம் சொத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். மனைவியின் காலில் விழுகிறான். எல்லாரும் மன்னிக்கிறார்கள்.

தொடரைப் பார்த்த நண்பர்களுக்கு இதைக் கொடுத்தேன். ஒருவர், "இவ்வளவு அக்கிரமம் செய்தவனுக்கு ஒரு குழந்தையைக் காட்டி மன்னிப்பா?" என்றார். இன்னொருவர், "அவன் செத்ததுதான் நியாயம்" என்றார். மனிதன் மாறவே கூடாதா? பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தும் மாறாதவன் உண்டா?

என் மனைவியும் சரியாகப் படிக்கவில்லை. அவளுக்கு இது ஆறாவது மாதம், களைப்பாக இருக்கும், அது புரிகிறது. கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, "இந்தக் குழந்தை ஒரு தடவைகூட அழவே இல்லையே" என்று மட்டும் சொன்னாள். ராத்திரி பகலாக எழுதியதற்கு இதுதானா விமர்சனம்? அதில் கொஞ்சம் வாக்குவாதம் ஆகி நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன், கொஞ்சம் வேகமாகத்தான், அப்பா சாத்துவாரே அதே சத்தம், அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, கூட இருப்பவர்களே இப்படி அலட்சியமாகப் படித்தால் வேறு யாரிடம் கொண்டுபோவது?

தொடரை எழுதியவர்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஒரே ஒரு குழந்தையை அவனுக்குக் கொடுத்திருந்தால் போதும், அவன் பிழைத்திருப்பான். நண்பர்களுக்கு இது ஏன் புரியவில்லை என்று தெரியவில்லை. முடிந்துபோன ஒரு தொடருக்காக இப்படி மனம் கிடந்து உழல்வது இயல்புதானா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

தொடர் முடிந்த பிறகும் ஒரு பாத்திரம் மனதை விட்டுப் போகாமலிருப்பது இயல்புதான். திரையில் அடிக்கடி பார்க்கும் ஒருவரோடு நமக்கு ஒருதலையான நெருக்கம் உண்டாகிவிடுகிறது என்று டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். அவன் சாவுக்கு வருத்தப்பட்டதற்காக நீங்கள் கூச வேண்டாம். அந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது, "அதை விடுங்கள்" என்று நீங்கள் அவசரமாக முடித்த வாக்கியத்தை. என்னால் அதை விட முடியவில்லை. கதவு அறைந்து சாத்தப்படுகிறது. சாத்தியவருக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வருகிறது. கர்ப்பிணிப் பெண் ஒருவர் வயிற்றைக் கையால் காத்துக்கொண்டு நிற்கிறார். இவை மூன்றையும் நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், எனக்கு எழுதவும் செய்திருக்கிறீர்கள். இன்னும் மூன்று மாதத்தில் உங்கள் கையில் ஒரு குழந்தை இருக்கும். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தும் மாறாதவன் உண்டா என்று நீங்கள் கேட்பது அந்த வில்லனுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உண்டு. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. அது நீங்கள்தான். நீங்களும் அவர் விரலைப் பிடித்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் கதவு அப்படித்தான் சாத்தப்பட்டது. அதில் உங்கள் குறை எதுவும் இல்லை. பெரியவர் ஒருவரைத் திருத்துவது எந்தக் குழந்தையின் வேலையும் இல்லை. ஆனால் உங்கள் கதையில் அந்தப் பெண் குழந்தைக்கு நீங்கள் கொடுத்திருப்பது அந்த ஒரு வேலையைத்தான். பிறக்கிறாள், விரலைப் பிடிக்கிறாள், அப்பன் திருந்திவிடுகிறான். அப்புறம் அவளுக்குப் பசியில்லை, காய்ச்சலில்லை, அழுகையில்லை.

உங்கள் மனைவி அலட்சியமாகப் படித்தார் என்கிறீர்கள். இதில் நான் அவர் பக்கம். உங்கள் கதையை அவ்வளவு ஊன்றிப் படித்தவர் வேறு யாரும் இல்லை. சொத்து, மன்னிப்பு, அண்ணன் தம்பி சமாதானம் எல்லாவற்றையும் தாண்டி அவர் தேடியது அந்தக் குழந்தையை. குழந்தை அழும்போது இந்த மனிதர் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். அவருக்குக் கிடைத்த பதில் கதவுச் சத்தம். அவர் ஏன் வயிற்றில் கை வைத்தார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நிஜக் குழந்தை அழும். பெரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1962-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வார வாக்கில் குழந்தைகள் ஒரு நாளில் ஏறத்தாழ 2¾ மணி நேரம் அழுததாகப் பதிவு செய்திருக்கிறார். பால் கொடுத்தாலும் தோளில் போட்டு நடந்தாலும் சில சமயம் அழுகை நிற்காது. மூன்று நான்கு மாதம் ஆகும்போது பொதுவாகக் குறையும். ஏற்கெனவே கோபத்தில் இருப்பவர் காதில் அந்த அழுகை தன்னைக் குற்றம் சொல்வது போல விழும். ஆறு வாரக் குழந்தைக்குக் குற்றம் சொல்லத் தெரியாது.

சரி, தகப்பனாவது ஒரு ஆணை மாற்றவே மாற்றாதா? மாற்றும், ஆனால் நீங்கள் எழுதியது போல ஒரு நொடியில் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபுவில் 600-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. அவர்களிலும் தினம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, அதில் கைவைக்காத அப்பாக்களைவிடக் குறைவாக இருந்தது. ஹார்மோன் குறைந்தால் கோபம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது என்று நாள்தோறும் கூடவே கிடக்கிறவரிடம்தான் மாற்றம் கூடுதலாகத் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் வில்லன் குழந்தையைக் கையில் வாங்கினான். அன்று இரவு யார் விழித்திருந்தார்கள் என்று கதையில் இல்லை.

உங்கள் அப்பாவைப் பற்றியும் ஒன்று. செல்மா ஃப்ரைபெர்க் என்ற உளப்பகுப்பாய்வாளர் தன் சகாக்களுடன் 1975-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சிறுவயதில் துன்பப்பட்டவர்களில் சிலர் அதையே தங்கள் பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள், பலர் செய்வதில்லை, ஏன் என்று அவர் கேட்டார். நடந்தவை ஞாபகம் இருந்தும் அன்று பட்ட பயத்தை மறந்துவிட்டவர்களிடம் அது திரும்ப வருவதைப் பார்த்தார். அந்தப் பயமும் வலியும் இன்னும் நினைவில் உள்ளவர்கள் தங்கள் பிள்ளையைக் காக்கிறார்கள் என்று எழுதினார். உங்களுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற சிறுவனுக்கு என்ன ஆயிற்று என்பதும் ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் அதைப் பற்றி மனைவியிடம் பேசுங்கள். உங்கள் இருவருக்கும் அந்த வில்லனைவிட அந்தச் சிறுவன் முக்கியம்.

அதற்கு முன்னால், அன்று கதவு சாத்தப்பட்டபோது அவர் மனதில் என்ன ஓடியது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் கதையைப் பற்றிப் பேச வேண்டாம். "நான் அந்த அர்த்தத்தில் செய்யவில்லை" என்றும் ஆரம்பிக்க வேண்டாம்.

கதையை நிறுத்தச் சொல்லவில்லை. மன்னிப்புக் காட்சிக்குப் பிறகு வரும் ராத்திரியை எழுதுங்கள். குழந்தை அழுகிறது, நிற்கவில்லை, அவனுக்கு ரத்தம் கொதிக்கிறது. என்ன செய்கிறான்? நிஜ வாழ்க்கையில் அந்த நிலை வந்தால், குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாக மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, மனைவியிடம் சொல்லி, சில நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். கோபத்தில் குழந்தையைக் குலுக்கவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

பிரசவம் ஆகட்டும் என்று தள்ளிப்போடாமல், கோபத்துக்காகவே ஒரு உளவியல் ஆலோசகரை இந்த மாதமே நேரில் பாருங்கள். கதவோடு நிற்காமல் என்றாவது கையும் ஓங்கியிருந்தால் அதை மறைக்காமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் மனைவி அதுவரை வேறு யாருடனாவது தங்க விரும்பினால் தடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆலோசகர்