மிக்சியை வாங்கி வைக்கும் ஐந்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

கடலூர் திருப்பாப்புலியூரில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. வேலை சுத்தமாகத்தான் செய்கிறோம். ஆனால் ஒருமுறை வந்தவர் மறுபடி வருவதில்லை. கவுன்டரில் இருக்கும் பையன் கொஞ்சம் சிடுமூஞ்சி. அவனுக்குச் சிரித்துப் பேசப் பழக்கலாமா? ஏசி போடலாமா? வாட்ஸப்பில் பண்டிகை வாழ்த்து அனுப்பலாமா?

ச.

அன்புள்ள ச.,

எட்டு மாதம் வாடகை கொடுத்துத் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம். ஏசி வேண்டாம். வாழ்த்தும் வேண்டாம், 'ரெடி' என்ற ஒரு செய்தி போதும்.

'வேலை சுத்தம்' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. பொருளை வாங்கி வைக்கும் ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த அம்மா 'ஓடலை' என்கிறார், பையன் சீட்டில் 'மிக்சி' என்று கிறுக்கி மூலையில் தள்ளுகிறான். இப்படித்தானே?

அவர் கண் முன்னாலேயே கவிழ்த்து, அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். கெட்டி மாவை விடாமல் ஓட்டினால் மோட்டாரைக் காப்பாற்ற ஓவர்லோட் சுவிட்ச் துள்ளிவிடும். சூடு ஆறி அமுக்கினால் ஓடும். ஓடிவிட்டதா, காரணத்தைச் சொல்லிக் காசு வாங்காமல் அனுப்புங்கள். அதற்குப் போய் முந்நூறு ரூபாய் வாங்கினால், என்றைக்காவது பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பொத்தானைக் காட்டிக்கொடுப்பார். அப்புறம் அந்தத் தெருவே உங்கள் கடைப்பக்கம் வராது.

அடுத்தது ஜார். மோட்டாரை மட்டும் கொண்டுவந்தால் ஜாரையும் கேட்டு வாங்குங்கள். பாதி தண்ணீர் ஊற்றிப் பேப்பர் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். பேப்பர் நனைந்தால் பிளேடுத் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும், இல்லை வாஷர் போயிருக்கும். பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாலும் தெரியும். நம் கடைகளில் நடப்பது என்ன? மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரில் பல் தேய்ந்ததா, புதுசு மாட்டு, அனுப்பு. ஆட்டம் கண்ட ஜார் அந்தப் புதுக் கப்ளரையும் தின்னும். ஒழுகுகிற சட்னித் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிக் கம்பிச் சுருளை, அதாவது காயிலைக் கருக்கும். ஷாஃப்டில் துரு ஏறும். கடல்காற்று ஊரில் துருவைப் பற்றி நான் சொல்லவா வேண்டும். ஒரே மாதத்தில் மிக்சி திரும்பி வரும். 'இது வேற கம்ப்ளெயின்ட்டுங்க' என்பதைப் பையன் எவ்வளவு சிரித்துச் சொன்னால்தான் என்ன?

சீட்டில் முழுசாக எழுதுங்கள்: '2 ஜார், 1 மூடி, பெரிய ஜார் ஒழுகல், புஷ், வாஷர், கார்பன் பிரஷ் பார்க்கவும்', பக்கத்தில் தொகை. மூடியை எழுதாமல் விட்டால் சண்டை நிச்சயம். தொகை கூடும்போலிருந்தால் கழற்றிப் போட்ட நிலையிலேயே போன் செய்து கேளுங்கள், மாட்டிய பிறகு அல்ல. கழற்றிய பிரஷ், கப்ளர் எல்லாவற்றையும் கவரில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கேட்டால்தான் பில் என்ற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு ரசீது தராததே முறையற்ற வணிகம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டால் புகார்.

'நாளைக்கு வாங்க'வையும் ஒழியுங்கள். முதுநகரிலிருந்து வருகிறவருக்கு அது அரைநாள் பிழைப்பு.

பையன் சிடுமூஞ்சியாகவே இருக்கட்டும். ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். ஜார் ஒழுகுகிறதா என்று பார்க்கும் ஐந்து நிமிடமும் அந்த அம்மா நின்றுகொண்டா இருப்பார்?