அடுப்பு நாலு, கை ஒன்று

திருவட்டார் பக்கம் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறேன், ஆறு வருஷம் ஆகிறது. என்னோடு நாலு பெண்கள். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறேன். பக்கத்தில் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) மூடிவிட்டதால் வேலை கேட்டு வரும் அக்காமார் நிறைய. சுயதொழிலுக்கு மத்திய அரசு மானியத்தோடு தருகிற பிஎம்இஜிபி கடன் வாங்கி இன்னும் மூன்று அடுப்பு போட்டு, 12 பேரைச் சேர்க்கலாமா? 35 சதவீதம் மானியம் உண்டு என்கிறார்களே?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

மானியத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த 35 சதவீதம் கிராமப்புறத்தில் பெண்கள் போன்ற சிறப்புப் பிரிவினர் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. உங்களுடையது ஓடிக்கொண்டிருக்கிற தொழில். அதே திட்டத்தில் விரிவாக்கத்துக்கு இரண்டாவது கடன் உண்டு, மானியம் 15 சதவீதம். ஆனால் முன்பு பிஎம்இஜிபியிலோ, சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவிலோ வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்து, மூன்று வருஷம் லாபமும் காட்டியிருக்க வேண்டும். நீங்கள் எதுவும் வாங்கியதாக எழுதவில்லை. அப்படியானால் முத்ராவில் சின்னதாக ஒன்று எடுத்துக் கட்டி வருவதுதான் வழி. கொழுந்தியாள் பெயரில் புதுசு போலக் காட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வேண்டாம்.

இனி அடுப்பு. உங்கள் ஷெட்டில் வார்ப்புக்கு, அதாவது எண்ணெய் காயும் பெரிய பாத்திரத்துக்கு, முன்னால் நிற்பது யார்? காயை நேராக எண்ணெய்க்கு மேலே சீவிவிட்டு, பாதி வேகும்போது மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஊற்றுகிறோமே, அந்தச் சீறல் அடங்கி, கரண்டியில் தட்டுப்படும் சத்தம் கலகலவென்று மாறுகிற நொடியில் கோர வேண்டும். கொஞ்சம் முந்தினால் மறுநாளே நமத்துப் போகும், கொஞ்சம் பிந்தினால் கருகல். அந்தச் சத்தம் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், நாலு அடுப்பு போட்டாலும் ஒரு அடுப்புச் சரக்குத்தான் நல்ல சரக்கு. தோல் உரிக்கவும் பாக்கெட் போடவும் ஆள் ஒரு வாரத்தில் தேறிவிடும், வார்ப்புக்கு ஆகாது. அண்டியாபீஸ் அக்காமாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பருப்பை உடையாமல் தோல் நீக்கி, ஒரு பவுண்டுக்கு 240, 320 என்று கண்ணாலேயே தரம் பிரித்தவர்கள் அவர்கள். அவர்களில் இருவரை இப்போதே உங்கள் பக்கத்தில் நிறுத்துங்கள். அடுத்த ஓணத்துக்குள் ஒருவர் தனியாக நின்றால், இரண்டாவது அடுப்பு போடுங்கள்.

அப்புறம், 12 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை நாள் என்று எழுதவில்லை. ஓணத்துக்கு முந்தின மாதம் ஏத்தன் குலை விலை ஏறுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆர்டர் குவிகிற அதே நேரத்தில் காயும் எண்ணெயும் கையைக் கடிக்கும். அது கழிந்ததும் அடுப்பு தூங்கும். கடன் தவணை தூங்காது. போன வருஷம் மாதவாரியாக எத்தனை நாள் அடுப்பு எரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள், மழைக்காலத்தில் பாதி நாள் சும்மா கிடந்திருந்தால் அந்த நாள்களை மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸாலோ சக்கை (பலா) வறுவலாலோ நிரப்புவதுதான் முதல் விரிவாக்கம். அதற்குப் பெரிய கடனே வேண்டாம்.

சம்பளத்துக்கு ஆள் பத்தைத் தொட்டால், தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ வரும். மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம் கட்ட வேண்டும். இதற்குப் பயந்து ஒன்பதிலேயே நிற்கிற முதலாளிகள் உண்டு. அந்த அக்காமாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்னவென்று நினைத்துப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஏன் பெரிய ஃபேக்டரி எதுவும் வருவதில்லை? படித்தவன் எல்லாம் கல்ஃபுக்கும் சென்னைக்கும் போகவேண்டியதுதானா?
— கருங்கல் வாசகர்

இடம் எங்கே இருக்கிறது? மொத்தம் 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, அதில் காடும் மலையும் பெரிய பங்கு, மிச்சத்தில் வீடு, தோப்பு, குளம், கோயில், சர்ச். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். படிப்புக்கு ஏற்ற வேலை உள்ளூரில் இல்லாததுதான் நம்ம குறை, அதை மறுக்கவில்லை. ஆனால் மார்த்தாண்டத்தைப் பாருங்கள். 1920-களில் ஒய்எம்சிஏ ஆரம்பித்த ஊரகப் பணியில் தேனீ வளர்ப்பும் ஒன்று. நிலமே இல்லாதவனும் ரப்பர் தளிர்க்கிற மாசி, பங்குனியில் பிறத்தியார் தோட்டத்தில் பெட்டி வைத்துத் தேன் எடுத்தான். ரப்பர்த் தேன் பூவில் இல்லை, இலைக்காம்பில் ஊறுவது. 1991-92-ல் ஒரு வைரஸ் வந்து கூடு கூடாகக் காலி செய்தது, அப்புறமும் பிழைத்து நிற்கிறது. ஒரு ஃபேக்டரி மூடினால் ஆயிரம் பேர் ஒரே நாளில் தெருவுக்கு வருவார்கள். இங்கே அப்படி இல்லை.

தும்புக் கயிறு (தேங்காய் நார்க் கயிறு) திரித்து ஒரு பெரிய கடைக்குப் போடுகிறேன். நாலு மாசமாகப் பணம் வரவில்லை. கேட்டால் சரக்கை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.
— ஈத்தாமொழி வாசகர்

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஆன்லைனில் செய்யுங்கள், காசு கிடையாது. புரோக்கருக்கு 2,000 கொடுக்காதீர்கள். பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் பதிவுக்கு முன்னால் போட்ட சரக்குக்கு இதைக் கேட்பது கஷ்டம். அதனால் பழைய பாக்கிக்குச் சண்டை போடாமல், நேரில் போய் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். அடுத்த லோடு பில்லில் உத்யம் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துவிடுங்கள், அவர்களுடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.