3,800 வெள்ளியா, 6,000 வெள்ளியா? வீட்டுக்குள் சாயம் அடிக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: ஐயா, பேராக்கில் சுங்கை சிப்புட்டில் ஒரு டாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். மாமனார் தோட்டத்தை விட்டு வந்தபோது வாங்கிய பழைய வரிசை வீடு, மாடி கிடையாது, மூன்று அறை. உள்ளே சாயம் அடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நவம்பர் கடைசியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஒருவர் வந்து பார்த்து 3,800 வெள்ளி என்றார், இன்னொருவர் 6,000 என்கிறார். எங்களிடம் 4,500தான் இருக்கிறது. இதில் யார் ஏமாற்றுகிறார்?

பதில்: அக்கா, ரெண்டு பேருமே ஏமாற்றாமலும் இருக்கலாம். குறைவாகச் சொன்னவர் பழைய சாயத்தின் மேலேயே இரண்டு கோட் அடித்துவிட்டுப் போகிற கணக்கை வைத்திருப்பார். மற்றவர் சுரண்டுவது, வெடிப்பு அடைப்பது, சீலர் (சாயம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிக்கோட்), சீலிங், கதவு எல்லாவற்றையும் சேர்த்திருப்பார். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அதனால் முதலில் நீங்களே அளந்துவிடுங்கள்.

தரை எத்தனை சதுர அடி என்பதை வைத்து விலை பேசாதீர்கள், சாயம் போவது சுவருக்கு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, அதைச் சுவரின் உயரத்தால் பெருக்குங்கள். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 440 சதுர அடி. உங்களுடையது போன்ற வீட்டில் 12க்கு 12, 10க்கு 12, 10க்கு 10 என மூன்று அறை, 12க்கு 20 ஹால், 10க்கு 12 சமையல்கட்டு என்று வைத்தால் மொத்தம் 2,400 வரும். கதவு, சன்னல், சமையல்கட்டு டைல்ஸ் எல்லாம் சேர்த்து 400ஐக் கழித்தால் 2,000 சதுர அடி. உங்கள் அளவு கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ச் சாயம் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி ஓடும். டின்னில் அதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், அது வழுவழுப்பான புதுச் சுவருக்கு, நம் வீட்டுச் சுவருக்கு 100தான். இரண்டு கோட்டுக்கு 40 லிட்டர், அதாவது 18 லிட்டர் டின் இரண்டும் 5 லிட்டர் டின் ஒன்றும். சீலிங் சுமார் 720 சதுர அடி, இரண்டு கோட்டுக்கு வெள்ளைச் சாயம் 18 லிட்டர் ஒன்று போதும். சீலர் வேண்டுமென்றால் அது ஒரு கோட், இன்னொரு 20 லிட்டர். இந்த அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஊரில் இரண்டு, ஈப்போவில் ஒன்று என்று மூன்று கடைகளில் மலிவு, நடுத்தரம், நல்லது என மூன்று தரத்துக்கும் விலை கேளுங்கள். சாயத்தின் செலவு தெரிந்துவிட்டால், அவர்கள் சொன்ன தொகையில் கூலி எவ்வளவு என்று தானாகத் தெரிந்துவிடும். கூலி பாதிக்கு மேல் போனால் பதறாதீர்கள், பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டினால் சீலர் இல்லாமல் அடிக்கக் கூடாது. ஒட்டவில்லை, சாயமும் உரியவில்லை என்றால் எல்லாச் சுவருக்கும் சீலர் தேவையில்லை, பூசி அடைத்த இடத்துக்கு மட்டும் போதும், அங்கேயே காசு மிச்சம். பழைய வீடுகளில் அடியில் சுண்ணாம்பு இருக்கலாம். நான் வேலை கற்றுக்கொண்டதே தோட்டத்து லயத்தில் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்துத்தான், அதனால் சொல்கிறேன், அதைச் சுரண்டாமல் மேலே எவ்வளவு விலையுள்ள சாயம் அடித்தாலும் பட்டை பட்டையாக உரியும்.

ஈரம் இருக்கிற சுவரில் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் சுவர் ஈரத்தைக் கக்குகிறது என்று அர்த்தம், கூரை ஒழுக்கையோ குழாயையோ சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகுதான் சாயத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைச் செய்யாமல் குளியலறை ஒட்டிய சுவருக்கு மூன்று தடவை அடித்தார். மூன்று தடவையும் கொப்பளம்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீட்டுச் சீலிங் ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம், கதவில் பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் சீலிங்கைத் தேய்க்கவோ சுரண்டவோ விடாதீர்கள், மேலேயே அடித்துக்கொள்ளலாம். கதவை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

சரி, 4,500க்குள் எப்படி அடக்குவது? அதில் 500ஐத் தொடாமல் எடுத்து வையுங்கள், சுரண்டும்போது பூச்சு பெயர்ந்து வரும், வராத பழைய வீடு எனக்குத் தெரிந்து இல்லை. மிச்சம் 4,000த்தில் ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் துடைத்தால் போகாத நல்ல சாயம், அறைகளுக்கு நடுத்தரம், சீலிங்குக்கு மலிவு போதும். சீலிங்கை யார் துடைக்கப் போகிறார்கள்? சாமான் நகர்த்துவது, ஆணி பிடுங்குவது, பூஞ்சணத்தைக் குளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரில் கழுவுவது எல்லாம் வீட்டு ஆட்கள் செய்யலாம், முன்கூட்டியே சொல்லிக் கூலியைக் குறையுங்கள். கடைசி அறையை அடுத்த வருடம் பார்த்துக்கொண்டாலும் குற்றமில்லை. சீலர் தேவை என்று தெரிந்தால் அதில் மட்டும் குறைக்காதீர்கள்.

அப்புறம் ரெண்டு பேரிடமும் எழுதி வாங்குங்கள்: எந்தச் சாயம், எத்தனை கோட், சீலர் உண்டா, கதவும் சீலிங்கும் சேர்ந்ததா, மிச்சச் சாயம் யாருக்கு. டின்னை உங்கள் முன்னால் திறக்கட்டும், தண்ணீர் எவ்வளவு ஊற்றலாம் என்று டின்னிலேயே போட்டிருக்கும். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள், கடைசிப் பங்கு வேலை முடிந்து, பகல் வெளிச்சத்தில் நீங்கள் சுவரைப் பார்த்த பிறகு.

தீபாவளிக்கு முன்னால் ஆள் கிடைப்பது பெரிய பாடு, அக்டோபர் நவம்பரில் நம் பக்கம் சாயங்கால மழையும் விடாது, கோட் காய நேரம் எடுக்கும். இப்போதே முன்பணம் கொடுத்து நாளைக் குறித்துவிடுங்கள், நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னாலாவது வேலை முடியட்டும், வாடையும் போயிருக்கும்.